ஏழு எண்ணிவிட்டுச் சாத்துங்கள்

வீட்டுக் கோழி வளர்ப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, புறக்கடையில் ஏழு பெட்டைக் கோழிகள் வைத்திருக்கிறேன். பகலில் வேலிக்குள் மேயும், இரவில் மரக்கூட்டில் அடையும். வளர்க்கத் தொடங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. இதுவரை ஒரு இரவுகூட வீட்டை விட்டுப் போனதில்லை. அடுத்த மாதம் குடும்பத்தோடு ஒன்பது நாள் வெளியூர் போகவேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பி பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். நல்ல பையன், ஆனால் கோழி வளர்த்துப் பழக்கமில்லை. தண்ணீரும் தீவனமும் நிறைய வைத்துவிட்டுப் போனால், இரண்டு நாளைக்கு ஒருமுறை அவர் எட்டிப் பார்த்தால் போதுமா? நினைத்தாலே தூக்கம் வரவில்லை. நான் மட்டும் போகாமல் இருந்துவிடட்டுமா?
– ஒரு வாசகி

பதில்: போய் வாருங்கள், தங்கச்சி. தினமும் காலையும் மாலையும் ஒருவர் வந்து போனால் ஒன்பது நாள் கோழிகளுக்குப் பெரிய விஷயமே இல்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை என்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தத் தவறை நான் செய்திருக்கிறேன்.

கோழி வளர்க்கத் தொடங்கிய மூன்றாவது வருஷம், நல்ல வெயில் காலத்தில் நான்கு நாள் வெளியே போனேன். எட்டுக் கோழிகள். பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் தண்ணீர் நிரப்பி, செங்கல் மேல் வைத்துவிட்டுக் கிளம்பினேன். அளவு போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன், அது சரியான கணக்குத்தான். ஆனால் கோழிகள் செங்கலுக்கு அடியில் மண்ணைக் கிளறிக் கிளறி, நான் போன அன்றே தொட்டி சரிந்துவிட்டது. பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டவர் மறுநாள் சாயங்காலம்தான் வந்தார். எட்டும் சுவரோரம் சிறகை அகட்டிக்கொண்டு, வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். ஒன்றும் சாகவில்லை. ஆனால் முட்டை நின்றுபோனது, இரண்டு கோழிகள் காலமில்லாத காலத்தில் இறகு உதிர்த்தன. பழையபடி முட்டை வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வந்தவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. மறுநாள் வந்தால் போதும் என்று சொன்னவள் நான்.

கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும், அப்போது உடம்பு நீர் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் தீவனம் ஒரு நாள் குறைந்தாலும் தாங்கிவிடும், தண்ணீர் குறைந்தால் தாங்காது. முட்டையிடும் கோழி சாதாரண நாளில் கால் லிட்டர் போலக் குடிக்கும், கடும் வெயிலில் அரை லிட்டர் வரை போகும். உங்கள் ஏழுக்கும் ஒரு நாளைக்கு மூன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டு பாத்திரமாகப் பிரித்து, வேலியின் இரண்டு மூலையில் வையுங்கள். ஒன்று சரிந்தால் இன்னொன்று இருக்கும். அப்புறம், ஏழில் ஒன்று எப்போதும் மற்றவற்றிடம் கொத்து வாங்குவதாக இருக்கும். அதை ஒரு பாத்திரத்திலிருந்து துரத்தினாலும் மற்றதில் போய்க் குடிக்கும். வைக்கிற இடத்தைக் காலையில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும். மதியம் இரண்டு மணிக்கும் அங்கே நிழல் இருக்கிறதா என்று ஒரு நாள் நின்று பாருங்கள். பாத்திரத்தின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு இருந்தால் கிளறும் மண் உள்ளே விழாது.

தீவனம் ஒரு கோழிக்கு நாளைக்கு 100 முதல் 120 கிராம். ஏழுக்கும் 840 கிராம், ஒன்பது நாளைக்கு ஏழரை கிலோ. நான் கிளம்புவதற்கு முன் நாளுக்கு ஒன்றாகப் பொட்டலம் கட்டி, மேலே கிழமையை எழுதி, மூடி இறுக்கமான தகர டப்பாவில் போட்டுவிடுவேன். கூடவே இரண்டு பொட்டலம் அதிகமாக, பயணம் தள்ளிப்போனால் உதவும். பழக்கமில்லாதவர் பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார். மிச்சம் கிடக்கும் தீவனம் இரவில் எலியை அழைக்கும், எலியைத் தேடிப் பாம்பு வரும். நனைந்த தீவனத்தில் பூசணம் பிடித்தால் அதன் நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும். எனவே கொஞ்சம் நனைந்திருந்தாலும் யோசிக்காமல் கொட்டிவிடச் சொல்லுங்கள். தம்பி வீட்டு மிச்சத்தைக் கொண்டுவந்து போட ஆசைப்படலாம். உப்புப் போட்டது, சாக்லேட், வேகாத பீன்ஸ் விதை இவையெல்லாம் கோழிக்கு ஆகாது. ஒவ்வொன்றாகப் பட்டியல் சொன்னால் அவருக்கு நினைவிருக்காது. ஒன்பது நாளும் பொட்டலத்தில் இருப்பது மட்டும் போதும் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுங்கள்.

இனி சாயங்காலம். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்குக் கவலை அங்கேதான்.

கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. வெளிச்சம் மங்கும்போதே தானாக வந்து அடைந்துவிடும், யாரும் ஓட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை. இதை நம்பித்தான் பலர் ஏமாந்துபோகிறோம். ஏழில் ஒன்று என்றைக்காவது ஒரு நாள் வராது. புதருக்கடியில் முட்டையிடப் போய் அங்கேயே படுத்துவிடும், வேலிக்கு வெளியே மாட்டிக்கொள்ளும், புது ஆள் நடமாட்டத்தில் மிரண்டு மரக்கிளையில் ஏறிவிடும். என்னிடம் கருப்பி என்று ஒரு கோழி இருந்தது. நான் தோட்டத்தில் குனிந்து களை பிடுங்கினால் கைக்கு அடியில் வந்து நிற்பாள், மண்புழு வரும் என்று. நான் இல்லாத ஒரு சாயங்காலம் அவள் உள்ளே வர நேரமாகிவிட்டது. கூட்டின் கதவு சரியான நேரத்துக்குச் சாத்தப்பட்டது, தாழ்ப்பாளும் போட்டாயிற்று. உள்ளே எத்தனை என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் அவளுடைய இறகுகள் கிடந்த இடம் கூட்டுக் கதவின் முன்னால். திரும்பி வந்திருக்கிறாள், உள்ளே போக வழியில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எனக்கு மனசு கனக்கிறது.

எனவே தம்பியிடம் "கதவைச் சாத்திவிடு" என்று சொல்லாதீர்கள், "ஏழு எண்ணிவிட்டுச் சாத்து" என்று சொல்லுங்கள். கோழிகள் கம்பில் வரிசையாக உட்கார்ந்த பிறகு டார்ச் அடித்து எண்ணுவது சுலபம். ஒன்று குறைந்தால் முதலில் முட்டைப் பெட்டிக்குள் பார்க்க வேண்டும், அங்கே தூங்கிக்கொண்டிருக்கும். அங்கும் இல்லையென்றால் தேடத்தான் வேண்டும். இருட்டிய பிறகு கண்டுபிடித்தால் பிடிப்பது எளிது: அடைந்துவிட்ட கோழி ஓடாது, இரண்டு கையாலும் சிறகை அணைத்துத் தூக்கிவந்து கம்பில் வைத்துவிடலாம். உங்கள் கதவு தூக்கினால் திறந்துகொள்ளும் கொக்கி வகையாக இருந்தால், ஒரு கம்பித் துண்டைச் செருகி முறுக்கிவிடுவது இன்னும் பத்திரம். நரிக்கும் மரநாய்க்கும் பூனைக்கும் இரவு முழுக்க நேரம் இருக்கிறது.

சாத்திய பிறகு கைப்பேசியில் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள், கூட "ஏழு" என்று ஒரு வார்த்தை. நம்பிக்கை இல்லாமல் இதைக் கேட்கவில்லை என்று அவரிடமே சொல்லிவிடுங்கள். அனுப்ப வேண்டுமே என்பதற்காக அவர் எண்ணுவார், வந்துவிட்டதே என்று நீங்கள் தூங்குவீர்கள்.

இதையெல்லாம் கிளம்பும் அன்று காலையில், பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று சொன்னால் பலனில்லை. ஒரு வாரத்துக்கு முன்பே மூன்று சாயங்காலம் தம்பியை வரச் சொல்லுங்கள். முதல் நாள் நீங்கள் செய்வதை அவர் பார்க்கட்டும். இரண்டாம் நாள் சேர்ந்து செய்யுங்கள். மூன்றாம் நாள் அவர் தனியாகச் செய்யட்டும், நீங்கள் சன்னல் வழியாகப் பாருங்கள். கோழிகளுக்கு ஆள் அடையாளம் நன்றாகத் தெரியும். முன்பின் பார்க்காத ஒருவர் கூட்டுப் பக்கம் வந்தால் கலைந்து ஓடும், அடைய வேண்டிய நேரத்தில் அப்படி ஓடுவதுதான் ஆபத்து. நீங்கள் எந்தச் சத்தம் கொடுத்துக் கூப்பிடுகிறீர்களோ, எந்த டப்பாவைக் குலுக்குகிறீர்களோ, அதே சத்தத்தை அவரும் பழகட்டும். பேசக் கூச்சப்படுகிறவராக இருந்தால் டப்பா போதும். என் வீட்டுக் கோழிகள் என் குரலைவிட அந்தத் தகர டப்பாவுக்குத்தான் வேகமாக ஓடிவரும்.

கடைசியாக ஒரு தாள் எழுதிக் கூட்டுக் கதவில் ஒட்டுங்கள். கோழிகள் எத்தனை, கால்நடை மருத்துவரின் எண், உங்கள் எண். காலையில் கதவைத் திறந்ததும் ஒரு நிமிஷம் நின்று பார்க்கச் சொல்லி எழுதுங்கள். நன்றாக இருக்கிற கோழி முண்டியடித்துக்கொண்டு வெளியே வரும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு தனியாக நிற்பது, கொண்டை வெளுத்திருப்பது, வாலைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்று முக்குவது, தீவனத்துக்கு வராமல் இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் உடனே உங்களுக்குப் பேச வேண்டும். இரண்டு கோழிகள் ஒரே நாளில் சுணங்கினால் உங்களைக் கேட்கக் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடலாம் என்றும் எழுதுங்கள், செலவு உங்களுடையது என்பதையும் சேர்த்து. அப்புறம் இதையும் எழுதுங்கள்: "ஏதாவது ஒன்று இறந்துபோனால் உன் மேல் எனக்கு வருத்தம் இருக்காது, சொல்லிவிடு போதும்." கோழி சில சமயம் எந்த அறிகுறியும் காட்டாமல் இறந்துபோகும். பயந்துகொண்டு சொல்லாமல் விட்டால் மற்ற ஆறுக்கும் என்ன ஆகிறது என்று உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: எங்கள் சித்தப்பா வீட்டிலும் கோழிகள் இருக்கின்றன. நான் ஊருக்குப் போகும் பத்து நாளைக்கு என் நான்கு கோழிகளையும் அங்கே கொண்டுபோய் விட்டால் அவருக்கும் அலைச்சல் இல்லையே?
– ஒரு வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. பார்வைக்கு நன்றாக இருக்கும் கோழியும் நோயைச் சுமந்துகொண்டிருக்கலாம். மூச்சு நோய்க் கிருமிகளில் சில, குணமான கோழியின் உடம்பிலேயே தங்கிவிடும். வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய் வந்தால் ஒரு கூட்டத்தையே கொண்டுபோய்விடும். புதிதாக வரும் கோழிகளை மூன்று நான்கு வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும், உங்களுக்கு இருப்பதோ பத்து நாள். அது போகட்டும் என்றாலும், அவருடைய கோழிகளுக்குள் யார் முன்னால், யார் பின்னால் என்று ஒரு வரிசை இருக்கும். நான்கு புதியவை நுழைந்தால் அதெல்லாம் கலைந்து, ரத்தம் வரும்வரை கொத்திக்கொள்ளும். பத்து நாள் கழித்துத் திரும்பக் கொண்டுபோகும்போது இரண்டாம் முறையும் கலைச்சல்.

சித்தப்பாவே உங்கள் வீட்டுக்கு வந்து போகட்டும். கோழி தெரிந்தவர் கிடைத்திருப்பது உங்கள் பாக்கியம். ஆனால் அவர் கோழிக்கூட்டில் போடும் செருப்போடு உங்கள் கூட்டுக்குள் வரக்கூடாது. உங்கள் கூட்டருகே ஒரு ஜோடி செருப்பும் ஒரு சோப்பும் வைத்துவிடுங்கள். உள்ளே போகும் முன்னும் வெளியே வந்த பின்னும் கை கழுவட்டும். பெரியவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்காதீர்கள். "உங்கள் கோழிக்கு என்னுடையதிலிருந்து எதுவும் வந்துவிடக் கூடாது சித்தப்பா" என்று சொல்லுங்கள், அதுவும் உண்மைதானே.

கேள்வி: என் கோழி பதினொரு முட்டையில் அடை உட்கார்ந்திருக்கிறது. பத்தாம் நாளிலிருந்து பதினாறாம் நாள் வரை நான் வீட்டில் இருக்க மாட்டேன். அம்மாதான் பார்த்துக்கொள்வார்கள். பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி

பதில்: பயப்படாதீர்கள், நல்ல நாளாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். குஞ்சு பொரிக்க 21 நாள். பத்துக்கும் பதினாறுக்கும் நடுவில் எல்லா வேலையையும் தாய்க்கோழியே செய்துகொள்ளும். முட்டையைத் திருப்பும், சூடு கொடுக்கும், நாளைக்கு ஒருமுறை ஒரு கால் மணி நேரம் இறங்கித் தின்று, குடித்து, எச்சமிட்டுவிட்டு ஏறிக்கொள்ளும். தீவனமும் தண்ணீரும் இறங்கினால் கண்ணில் படுகிற தூரத்தில் இருந்தால் போதும். அம்மா செய்ய வேண்டியது கையை வைக்காமல் இருப்பது.

நீங்கள் கிளம்புமுன் பதினொன்றிலும் பென்சிலால் சுற்றி ஒரு கோடு போட்டுவிடுங்கள். மற்ற கோழிகள் அந்தப் பெட்டிக்குள் புகுந்து முட்டையிட்டால், கோடு இல்லாதது புதியது என்று அம்மாவுக்குத் தெரியும், அன்றைக்கே எடுத்துவிடலாம். ஒன்பதாம் நாள் இரவில் டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்து, கரு வளராமல் தெளிவாக இருப்பதை எடுத்துவிடுங்கள். அது அழுகி வெடித்தால் மற்றவையும் கெடும்.

பொரிக்கும் நாள் பயணத்துக்குள் விழுவதாக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். கருமுட்டையைக் குளிர்ச்சியான இடத்தில் ஒரு வாரம் வரை வைத்திருந்து, பிறகு அடைக்கு வைக்கலாம், அதற்குமேல் பொரிக்கும் தன்மை குறையத் தொடங்கும். முன்கூட்டியே தெரிந்தால் அப்படித் தள்ளிவைத்துவிடுங்கள். தாயில்லாமல் விளக்குச் சூட்டில் வளரும் குஞ்சுகளை வைத்துக்கொண்டு பயணம் போகவே வேண்டாம். முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைக்க வேண்டும். விளக்கு அணைந்தது ஒரு இரவு கவனிக்கப்படாமல் போனால் குளிரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிவிடும்.

கேள்வி: தானே திறந்து மூடும் கதவு வாங்கினால் ஆள் தேவையில்லையா?
– ஒரு வாசகர்

பதில்: நானும் ஒன்று வைத்திருக்கிறேன், நல்ல பொருள். காலையில் ஆள் வர ஒரு மணி நேரம் தாமதமானாலும் கோழிகள் உள்ளே வெந்துகொண்டிருக்காது. ஆனால் அது எண்ணாது. நேரம் வந்தால் மூடும், வெளியே நிற்பது வெளியேதான் நிற்கும். ஆள் வருவதை நிறுத்தாதீர்கள். வாங்குவதாக இருந்தால் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே பொருத்திப் பழக்குங்கள். வெளிச்சத்தை வைத்து இயங்கும் வகை, மேகம் கறுத்த சாயங்காலத்தில் சீக்கிரமே மூடிவிடலாம். புது மின்கலம் போடுங்கள். கொத்தினால் தண்ணீர் சொட்டும் குழாய்க்கும் இதே பேச்சுத்தான்: கோழிகள் அதில் குடிப்பதைக் கண்ணால் பார்க்காமல் பழைய பாத்திரத்தை எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: பார்த்துக்கொள்பவருக்கு என்ன கொடுப்பது, அக்கா? பணம் கொடுத்தால் கோபித்துக்கொள்வார்.
– ஒரு வாசகி

பதில்: அந்த நாட்களில் கிடைக்கும் முட்டை முழுவதும் அவருக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். "எடுத்துக்கொள்ளலாம்" என்று பொதுவாகச் சொன்னால் கூச்சப்பட்டு, உங்களுக்காகப் பெட்டியிலேயே விட்டுவைப்பார். அப்படித் தங்கும் முட்டை மிதிபட்டு உடையும். உடைந்ததைச் சுவைத்த கோழி நல்ல முட்டையையும் கொத்தத் தொடங்கும், அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு. குவிந்து கிடக்கும் முட்டையைப் பார்த்து ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்துகொள்ளவும் வாய்ப்பு உண்டு. தனக்கு என்று தெரிந்தவர் தினமும் எடுப்பார், எத்தனை கிடைத்தது என்றும் சொல்வார். ஒன்று மட்டும்: கோழிகளுக்குச் சமீபத்தில் மருந்து கொடுத்திருந்தால், மருத்துவர் சொன்ன நாள் கழியும்வரை அந்த முட்டையை யாரும் சாப்பிடக் கூடாது. அந்தத் தேதியைத் தாளில் பெரிதாக எழுதி வையுங்கள்.

கேள்வி: ஆறு நாள் கழித்து நேற்றுத் திரும்பினேன். கோழிகள் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் ஐந்து முட்டை வந்த இடத்தில் இரண்டுதான் வருகிறது. பார்த்துக்கொண்ட அத்தை வருத்தப்படுகிறார். என்ன செய்ய?
– ஒரு வாசகி

பதில்: அத்தையிடம் முதலில் போய்ச் சொல்லுங்கள், ஆள் மாறினாலே கொஞ்சம் குறையும் என்று. ஒரு முட்டை உருவாக ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. அதனால் இன்றைக்கு எல்லாம் சரியானாலும் நாளைக்கே கூடையில் தெரியாது, பத்து நாள் பொறுங்கள். அதற்குள் வேலிக்குள் புதர், விறகு அடுக்கு, வண்டி நிற்கும் மூலை எல்லாம் தேடிப் பாருங்கள். புது ஆளுக்குப் பயந்து பெட்டியை விட்டு வேறு இடத்தில் இட்டிருக்கலாம். தரையில் இறகு அதிகம் கிடந்தால் இறகு உதிரும் பருவம், அது முடிந்துதான் முட்டை. இன்று இரவு கோழிகள் அடைந்த பிறகு டார்ச்சோடு போய்க் கம்பின் அடிப்பக்கத்தையும் இடுக்குகளையும் பாருங்கள். செம்பேன் பகலில் அங்கே ஒளிந்திருந்து இரவில்தான் ஊர்ந்து வந்து ரத்தம் குடிக்கும், கவனிக்காமல் விட்டால் வேகமாகப் பெருகிவிடும். போகும்போது அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் டார்ச் பிடிக்கட்டும்.